ஆஸியின் முதல் இரண்டு ஆல்பங்கள்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கடைசியாக மேடையேறினார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியவில்லை. ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான் பாடினார். தன் பழைய குழுவான பிளாக் சப்பாத்தின் கூட்டாளிகளோடு சேர்வதற்கு முன்னால், தனிப் பாடகராகத் தன்னுடைய பாடல்கள் ஐந்தைப் பாடினார். அந்த ஐந்தில் நான்கு ஒரே ஆல்பத்தைச் சேர்ந்தவை: 1980-ல் வந்த ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’. ஜூலை 22 அன்று அவர் இறந்துபோனார். அந்த ஆல்பத்தையும், அதற்கு அடுத்த வருடமே வந்த ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ ஆல்பத்தையும் அதன் பிறகு புதிதாகத் தேடுகிறவர்கள் நிறைய. பழைய ரசிகர்களும் அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி கேட்கிறார்கள்.

தேடிப் போனால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பொதுவாக ஒரு ராக் ஆல்பத்துக்கு ஐந்தாறு மறுபதிப்புகள் இருந்தால், வித்தியாசம் ஒலியின் அளவிலும் தெளிவிலும் கூடுதல் பாடல்களிலும்தான் இருக்கும். எதை வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. இந்த இரண்டு ஆல்பங்களின் கதை அப்படியில்லை. 2002-ல் வந்த பதிப்பில் அட்டைப் படம் அதே, பாடல்கள் அதே, ஆஸியின் குரலும் ராண்டி ரோட்ஸின் கிட்டாரும் அதே. பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் மட்டும் அழிக்கப்பட்டு, இருபது வருடம் கழித்து வேறு இருவரை வைத்து வாசித்துச் சேர்க்கப்பட்டவை. தெரியாமல் வாங்கினால் வேறொரு ஆல்பத்தை வாங்கிவிட்டு, இதற்கா இத்தனை பேச்சு என்று கேட்கும்படி ஆகிவிடும்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிடியோ ஸ்ட்ரீமிங்கோ போதும் என்பவர்களுக்கு 2011 பதிப்பு. ரெக்கார்ட் ப்ளேயர் இருப்பவர்களுக்கு எண்பதுகளின் எல்பி. உரத்த ஒலி காதை உறுத்துகிறது என்பவர்களுக்கு 1995 சிடி. 2002 பதிப்பு யாருக்கும் வேண்டாம், ஒரே ஒரு வகை ஆளைத் தவிர. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஏன் இப்படி என்று புரிய, அந்த ஆல்பங்களை யார் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1979-ல் பிளாக் சப்பாத்திலிருந்து ஆஸியை வெளியேற்றினார்கள். குடி, போதை, வேலைக்கு வராமை, எல்லாம் சேர்ந்து. இவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த நேரத்தில் கிடைத்தவர்தான் ராண்டி ரோட்ஸ். கலிஃபோர்னியாவின் க்வயட் ரயட் குழுவில் இருந்தவர், கிளாசிக்கல் கிட்டார் பயின்றவர், இருபத்திரண்டு வயது. ரெயின்போ குழுவில் வாசித்துவிட்டு வந்த ஆஸ்திரேலியர் பாப் டெய்ஸ்லி பேஸுக்கு வந்தார். யூரியா ஹீப் குழுவில் பல வருடம் ட்ரம்ஸ் வாசித்த லீ கெர்ஸ்லேக் கடைசியாகச் சேர்ந்தார். கீபோர்டுக்கு மட்டும் வெளியிலிருந்து டான் ஏரி. 1980 வசந்த காலத்தில் இங்கிலாந்தின் ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டூடியோவில், மேக்ஸ் நார்மன் ஒலிப்பதிவு செய்ய, முதல் ஆல்பம் உருவானது.

இதில் டெய்ஸ்லியின் பங்கு பேஸ் வாசிப்போடு நிற்கவில்லை. ஆஸி மெட்டை முனகுவார், ராண்டி கிட்டார் பகுதியைக் கட்டுவார், பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியது டெய்ஸ்லி. ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’ என்பதே குழுவின் பெயராக இருக்க வேண்டியது என்பது அவருடைய நீண்ட நாள் வாதம். அட்டை அச்சாகி வந்தபோது ஆஸியின் பெயர் பெரிதாக நின்றது, குழுவின் பெயர் ஆல்பத்தின் தலைப்பாகிவிட்டது. நால்வர் குழு ஒன்று ஒரே இரவில் ‘தனிப் பாடகரும் அவருடைய வாத்தியக்காரர்களும்’ ஆனது அந்த அட்டையில்தான். பின்னால் நடந்த அத்தனை வம்புக்கும் விதை அங்கே இருக்கிறது.

1981 தொடக்கத்தில் அதே நால்வரும் அதே ஸ்டூடியோவில் ‘டைரி’யைப் பதிவு செய்தார்கள். ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே டெய்ஸ்லிக்கும் கெர்ஸ்லேக்குக்கும் வேலை போய்விட்டது. சுற்றுப்பயணத்துக்கு ரூடி சார்ஸோவும் டாமி ஆல்ட்ரிட்ஜும் வந்தார்கள். ஆல்பம் வெளிவந்தபோது உறையில் படமும் பெயரும் சார்ஸோவுக்கும் ஆல்ட்ரிட்ஜுக்கும். அவர்கள் அந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. 1982 மார்ச் 19 அன்று ஃப்ளோரிடாவின் லீஸ்பர்கில் ஒரு சிறு விமான விபத்தில் ராண்டி இறந்தார். வயது 25. அதோடு இந்த இரண்டு ஆல்பங்களும் ‘ராண்டியின் ஆல்பங்கள்’ ஆகிவிட்டன. மற்ற இருவரைப் பற்றி யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

வழக்குகள் எண்பதுகளிலேயே தொடங்கின. 1998-ல் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் ராயல்டி பாக்கி கேட்டு ஆஸி மீதும் அவர் மனைவி ஷேரன் மீதும் புதிதாக வழக்குப் போட்டார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2002-ல், மறுபதிப்பு வந்தது. பேஸ் ராபர்ட் ட்ருஹீயோ, ட்ரம்ஸ் மைக் போர்டின். இருவரும் அப்போது ஆஸியின் மேடைக் குழுவில் இருந்தவர்கள். டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் இருவரின் நடத்தை பிடிக்காமல் ஆஸியே அவர்களைப் பதிவிலிருந்து நீக்க விரும்பினார் என்பது அப்போது ஷேரன் தந்த விளக்கம். பிற்பாடு ஆஸி, அது மனைவியின் முடிவு, தனக்குத் தெரியாது என்றார். வழக்கு 2003-ல் தள்ளுபடி ஆனது. பாடலாசிரியர் பட்டியலிலிருந்து மட்டும் அவர்கள் பெயரை எடுக்க முடியவில்லை. வாசிப்பை அழிக்கலாம், எழுதியதை அழிக்க முடியாதே.

இதில் காலம் செய்த விளையாட்டு ஒன்று உண்டு. 2002 மார்ச்சில்தான் எம்டிவியில் ஆஸ்போர்ன் குடும்பத்தின் ரியாலிட்டி ஷோ தொடங்கியது. வீட்டுக்குள் தடுமாறி நடக்கும் அந்தத் தகப்பனைப் பார்த்துச் சிரித்த லட்சக்கணக்கானவர்களில் கொஞ்சம் பேராவது, சரி, இந்த மனிதர் என்னதான் பாடினார் என்று சிடி கடைக்குப் போயிருப்பார்கள். கடையில் இருந்தது புதிதாக வந்த இந்தப் பதிப்பு. பின்னால் சில பிரதிகளில் விஷயத்தைச் சொல்லும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் ஸ்டிக்கரும் போய்விடும். ஆக ஒரு தலைமுறைக்கு ‘கிரேஸி ட்ரெய்ன்’ என்றாலே ட்ருஹீயோவும் போர்டினும்தான்.

இப்போது காதால் ஒப்பிடலாம். நான்கு இடங்கள் போதும்.

முதலாவது, ‘டைரி’யின் தொடக்கம். ‘ஓவர் தி மவுன்டன்’ பாட்டு கிட்டாரில் தொடங்காது, குரலில் தொடங்காது. தனி ட்ரம்ஸ். கெர்ஸ்லேக் மூன்று மூன்றாக அடித்து, டாம் ட்ரம்களின் மேல் உருண்டு இறங்கி வருகிறார், அது முடியும் புள்ளியில் கிட்டார் விழுகிறது. ஆல்பத்தின் முதல் சில நொடிகள் முழுக்க அவர் கையில். அசலில் அந்த உருட்டலில் ஒரு சின்னச் சாய்வு இருக்கிறது. படியில் அவசரமாக இறங்குகிறவர் கடைசிப் படியில் காலை அழுத்தி ஊன்றுவாரே, அதுபோல. போர்டின் அதே உருட்டலைத்தான் வாசிக்கிறார். துல்லியமாகவும் பலமாகவும் இருக்கிறது. அந்தச் சாய்வு இல்லை. நாற்பது வருடம் அதைக் கேட்டுப் பழகியவர் காதில் அடுத்தவர் கையெழுத்து மாதிரி ஒலிக்கிறது.

இரண்டாவது, ‘பிலீவர்’. இது பேஸில் தொடங்கும் பாட்டு. டெய்ஸ்லியின் வாசிப்பு கனமாக, கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து நிற்கும். ட்ருஹீயோ விரலால் வாசிக்கும் பழக்கமுள்ளவர், ஃபங்க் பாணி ஊறியவர். அவர் கையில் அதே சுரங்கள் உருண்டையாக, நவீனமாக வருகின்றன. தனியாகக் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. அடுத்து ராண்டியின் கிட்டார் நுழையும்போதுதான் பிரச்சினை: அது 1981-ன் ஒலி, பேஸ் 2002-ன் ஒலி. இரண்டும் ஒரே அறையில் இருப்பதாகக் காது நம்ப மறுக்கிறது.

மூன்றாவது, ‘குட்பை டு ரொமான்ஸ்’. மென்மையான பாட்டு. இதில் பேஸ் தாளத்தைத் தாங்குவதோடு நிற்காமல் குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டே போகும். ஆஸி ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் டெய்ஸ்லி ஒரு சின்ன வளைவு போடுவார். அந்த வரிகளில் பலவற்றை எழுதியவரே வாசிக்கிறார் என்பதால் எங்கே இடம் விடவேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். என் ஊகம்தான். ஆனால் 2002-ல் அந்த இடங்களில் ஏதோ நிரப்பியிருக்கிறது, உரையாடல் இல்லை.

நான்காவது, ‘கிரேஸி ட்ரெய்ன்’. ஊரே அறிந்த கிட்டார் மெட்டு என்பதால் இதில் யாரும் பேஸைக் கவனிப்பதில்லை. ‘எல்லோரும் ஏறுங்கள்’ என்று ஆஸி ரயில்வே கார்டு மாதிரிக் கத்திச் சிரித்ததும் முதலில் நுழைவதே பேஸும் தாளமும்தான், கிட்டார் அப்புறம். அங்கே இருந்து சரணம் வரைக்கும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அது ஒரே இடத்தில் நின்று துடிப்பதில்லை, ஏறி இறங்கி நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ட்ருஹீயோவும் போர்டினும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போர்டின் ஃபெயித் நோ மோர் குழுவின் தூண். ட்ருஹீயோ அடுத்த வருடமே மெட்டாலிகாவில் சேர்ந்தார், இன்றுவரை அங்கே இருக்கிறார். குறை அவர்களிடம் இல்லை, அவர்களுக்குக் கொடுத்த வேலையில் இருக்கிறது. குழுவாக வாசிக்கும்போது கிட்டார் கலைஞர் ட்ரம்ஸைக் கேட்டு வாசிப்பார், ட்ரம்ஸ்காரர் அவரைக் கேட்டு அடுத்த சுற்றை மாற்றுவார். ராண்டி தன் தனி வாசிப்புகளை இரண்டு மூன்று முறை அச்சு அசலாக வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பழக்கம் உள்ளவர். அந்த அடுக்கு முழுவதும் கெர்ஸ்லேக்கின் காலப்பிரமாணத்தின் மேல் கட்டியது. 2002-ல் ராண்டி இருபது வருடமாக இல்லை. புதியவர்கள் அவரைத் துரத்தலாம். அவர் இவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு நல்ல நாதஸ்வரக் கச்சேரிப் பதிவில் தவிலை மட்டும் அழித்துவிட்டு, இன்னொரு வித்துவானை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும்? வித்துவான் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அது கச்சேரி ஆகாது.

ஒரு வேடிக்கை: ‘பிளிஸார்ட்’ ஆல்பத்தில் எந்தப் பதிப்பிலும் கெட்டுப்போகாத பாட்டு ஒன்று இருக்கிறது. ‘டீ’. ராண்டி தன் தாயாருக்காக வாசித்த, ஒரு நிமிடத்துக்கும் குறைவான தனி கிட்டார் துண்டு. பேஸும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை, அழிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு வேடிக்கை: அத்தனை சண்டைக்கு நடுவிலும் டெய்ஸ்லி திரும்பத் திரும்ப ஆஸியிடம் வேலைக்கு வந்திருக்கிறார். 1983-ன் ‘பார்க் அட் த மூன்’, 1988-ன் ‘நோ ரெஸ்ட் ஃபார் த விக்கெட்’, 1991-ன் ‘நோ மோர் டியர்ஸ்’ எல்லாவற்றிலும் பேஸ் அவர்தான். 2002-ல் அவற்றை மறுபதிப்பு செய்தபோது அவருடைய வாசிப்பை யாரும் தொடவில்லை. நடத்தை பிடிக்காததுதான் காரணம் என்றால் இங்கே ஏன் விட்டார்கள் என்ற கேள்விக்கு இதுவரை நம்பும்படியான பதில் எதையும் நான் கேட்டதில்லை.

2002 பதிப்பு செய்த ஒரே நன்மை, ரசிகர்களின் காதைத் திறந்தது. அதுவரை இருபது வருடம் இந்த இரண்டு ஆல்பங்களையும் ராண்டியின் கிட்டாருக்காக மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேஸும் ட்ரம்ஸும் பின்னணி. அவற்றை எடுத்துவிட்ட பிறகுதான், ஏதோ சரியில்லையே என்று பழைய பிரதியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். கெர்ஸ்லேக் என்ன வாசித்தார், டெய்ஸ்லி எங்கெல்லாம் நடந்தார் என்று பலர் கவனித்தது அப்போதுதான். இன்று இந்த ஆல்பங்களை மதிப்பிடுபவர்கள் நால்வர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அழிக்கப் போய் அடிக்கோடு போட்ட கதை.

சரி, கடைக்குப் போகலாம். அதாவது, எதை வாங்கினால் என்ன கிடைக்கும்.

2011 மே மாதம் முப்பதாவது ஆண்டு என்று சொல்லி இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட்டார்கள். அசல் பேஸும் அசல் ட்ரம்ஸும் திரும்பி வந்தன. அந்த ஒன்பது வருடமும் புதுச் சிடி வாங்கியவர்களுக்கு அசல் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது. இந்தப் பதிப்பின் ‘பிளிஸார்ட்’ சிடியில் மூன்று கூடுதல் துண்டுகள்: 1980-ல் ‘கிரேஸி ட்ரெய்ன்’ சிங்கிளின் மறுபக்கமாக வந்த ‘யூ லுக்கிங் அட் மீ, லுக்கிங் அட் யூ’, ராண்டி ஸ்டூடியோவில் தனியாக வாசித்த ஒரு சிறு பதிவு, ‘குட்பை டு ரொமான்ஸ்’ பாட்டின் குரலும் கிட்டாரும் மட்டும் உள்ள மிக்ஸ். பேஸையும் ட்ரம்ஸையும் மீட்டுக் கொடுத்த பதிப்பிலேயே அவை இரண்டும் இல்லாத ஒரு மிக்ஸையும் வைத்திருக்கிறார்கள்! ஆனால் அது அருமையான துண்டு. ராண்டியின் விரல் நகரும் சத்தம்வரை கேட்கிறது.

‘டைரி’யின் 2011 பதிப்பு இரண்டு சிடி. இரண்டாவது, முதல் ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் பதிவான மேடைக் கச்சேரி. அதில் வாசிப்பது சார்ஸோவும் ஆல்ட்ரிட்ஜும். ஒரே உறைக்குள் இரண்டு தாளக் குழுக்களையும் ஒப்பிட்டுக் கேட்கலாம் என்பதால் எனக்கு இந்த இரட்டைச் சிடிமேல் தனிப் பிரியம். ஆல்ட்ரிட்ஜ் வேகமும் ஆர்ப்பாட்டமுமாக அடிக்கிறார், அது மேடைக்குப் பொருத்தம். இங்கே இன்னொன்றும் தெளிவாகிறது: வேறு ஆட்கள் வாசிப்பது தவறே இல்லை. சார்ஸோவும் ஆல்ட்ரிட்ஜும் ராண்டியோடு நேருக்கு நேர் நின்று வாசித்தார்கள், அதனால் பாட்டு மாறினாலும் உயிரோடு இருக்கிறது.

2011-ன் குறை, ஒலி உரத்தது. எண்பதுகளின் பிரதியோடு ஒப்பிட்டால் சத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள தூரம் குறைந்திருக்கிறது. ‘ரெவலேஷன்’ மாதிரி மெதுவாகத் தொடங்கி ஏறும் பாட்டில் இது தெரியும். ஏறுவதற்கு மாடி கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

அவருக்காகத்தான் 1995 சிடி. இதுவும் ரீமாஸ்டர்தான் (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது), ஆனால் நால்வர் வாசிப்பும் அப்படியே இருக்கிறது, ஒலியில் மூச்சுவிட இடமும் இருக்கிறது. கூடுதல் பாடல் எதுவும் கிடையாது. பழைய சிடி விற்கும் இடங்களில் மட்டும் கிடைக்கும். எண்பதுகளில் வந்த முதல் சிடி இன்னும் மெல்லிய ஒலி கொண்டது. ஆம்ப்ளிஃபயரின் திருகை இரண்டு சுற்று கூடுதலாகத் திருப்ப வேண்டும், திருப்பினால் அழகாக இருக்கும். சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். இரண்டில் எது உயர்வு என்று மணிக்கணக்காக வாதாடுவார்கள். எனக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. எது முதலில் நல்ல நிலையில் கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்பி என்றால் எண்பதுகளின் அச்சு. நிறைய விற்ற ஆல்பங்கள் என்பதால் வெளிநாட்டுப் பழைய சந்தையில் அரிதானவை அல்ல. கீறல் இல்லாத பிரதி கிடைப்பதுதான் கஷ்டம். புதிய எல்பிதான் வேண்டும் என்றால் 2011-லும் அதற்குப் பிறகும் வந்தவை இருக்கின்றன, அவற்றிலும் அசல் வாசிப்புதான். 2011-ல் ஒரு பெட்டிப் பதிப்பும் வந்தது: 180 கிராம் எல்பிகள், சிடிகள், ஒரு ஆவணப் பட டிவிடி, ஆஸி அணியும் சிலுவையின் நகல். சிலுவை வேண்டுமென்றால் வாங்குங்கள். இசைக்காக என்றால் அந்தக் காசில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கலாம்.

ஸ்ட்ரீமிங் மட்டும் கேட்பவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. 2020-லும் 2021-லும் நாற்பதாவது ஆண்டுக்கு என்று டிஜிட்டலாக வெளியிட்ட விரிவான பதிப்புகளில் அசல் வாசிப்பே இருக்கிறது, மேடைப் பதிவுகளும் கூட. ‘பிளிஸார்ட்’ நாற்பதாவது ஆண்டுப் பதிப்பு வந்தது 2020 செப்டம்பர் 18. மறுநாள் லீ கெர்ஸ்லேக் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன்பே, தனக்கு நாள் குறைவு என்று தெரிந்ததும், இந்த இரண்டு ஆல்பங்களின் பெரிய விற்பனைக்காகத் தரப்படும் பிளாட்டினம் தட்டுகளைத் தனக்கும் தரும்படி ஆஸிக்கும் ஷேரனுக்கும் கடிதம் எழுதியிருந்தார். 2019 ஜனவரியில் அவை அவர் கைக்கு வந்து சேர்ந்தன. வழக்குப் போட்டு, தோற்று, பதிவிலிருந்தே அழிக்கப்பட்ட ஒருவர் கடைசியில் கேட்டது சுவரில் மாட்ட இரண்டு தட்டுகள். ஆஸி அனுப்பி வைத்தார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

ராண்டியைக் கேட்க வேண்டும், அதுவே போதும் என்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 1987-ல் வந்த ‘ட்ரிப்யூட்’, மேடைப் பதிவு, பெரும்பகுதி 1981-ல் க்ளீவ்லண்டில் பதிவானது. முதல் ஆல்பத்தின் பாடல்கள் கிட்டத்தட்ட எல்லாம் இதில் இருக்கின்றன. கடைசியில் ‘டீ’யை ஸ்டூடியோவில் ராண்டி வாசித்துப் பார்க்கும் முயற்சிகள், இடையில் அவர் பேச்சுக் குரலோடு. இதை வைத்திருப்பவர் 2011 ‘டைரி’யின் இரண்டாவது சிடிக்காக மட்டும் மறுபடி பணம் செலவழிக்கத் தேவையில்லை. பாடல்கள் பெரிதும் அவையே.

பழைய சிடி வாங்கும்போது 2002 பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அது இருக்காது. பின் அட்டையில் பாடல்களை எண்ணுங்கள். ‘பிளிஸார்ட்’ அசல் ஒன்பது பாடல்கள். பத்து இருந்தால் 2002. பன்னிரண்டு இருந்தால் 2011. ‘டைரி’ அசல் எட்டு. ஒற்றைச் சிடியில் ஒன்பதாவதாக ‘ஐ டோன்ட் நோ’ மேடைப் பதிவு ஒட்டிக்கொண்டிருந்தால் 2002. இணையத்தில் பழைய சிடி விற்பவர்கள் பல சமயம் வருடத்தைத் தப்பாகப் போடுகிறார்கள். முன் அட்டைப் படம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருப்பதால் பின் அட்டையின் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே உள்ள கையேட்டில் ட்ருஹீயோ, போர்டின் பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ‘டைரி’யின் எண்பதுகள் எல்பி உறையில் சார்ஸோ, ஆல்ட்ரிட்ஜ் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அங்கே பெயர்தான் தப்பு, வாசிப்பு சரி.

இனி அந்த ஒரு வகை ஆள். 2002 சிடியில்தான் முதல்முறை ஆஸியைக் கேட்டவர், பதினைந்து பதினாறு வயதில் அதைத் தேயத் தேயக் கேட்டவர். அவரிடம் போய் நீங்கள் ரசித்தது போலி என்று சொல்வது மரியாதையில்லை. அந்தக் கனமான தாளம் அவருக்குப் பிடித்திருக்கலாம், அடித்தளம் இன்றைய மெட்டல் ஒலிக்கு நெருக்கமாக இருப்பதும் உண்மை. அவர் தன் சிடியை வைத்துக்கொள்ளட்டும். இன்று ஸ்ட்ரீமிங்கில் கேட்டு, என் பாட்டை மாற்றிவிட்டார்களே என்று அவர் குழம்பினால் அதற்கும் நியாயம் இருக்கிறது. அவர் தொலைத்தது போர்டினை. அசலை ஒருமுறை மேலே சொன்ன நான்கு இடங்களில் மட்டும் ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

மற்ற ஆல்பங்களையும் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 2002 வரிசையில் ‘பார்க் அட் த மூன்’ ஆல்பத்தில் யாரையும் அழிக்கவில்லை, ஆனால் முழு ஆல்பத்தையும் மறு மிக்ஸ் செய்திருக்கிறார்கள். கீபோர்டும் கிட்டாரும் அசலில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அதற்கும் 1995 சிடியைத் தேடுவதுதான் நல்லது. 1986-ன் ‘தி அல்டிமேட் ஸின்’ அந்த வரிசையில் இடம்பெறவே இல்லை, ஆகவே பழைய சிடி எது கிடைத்தாலும் எடுக்கலாம். ‘நோ மோர் டியர்ஸ்’ ஆல்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், மலிவாகக் கிடைப்பதை வாங்கிக் கேளுங்கள்.